மூடி மாறிய தூக்குச்சட்டி

இன்று காலை ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்குப் பத்தி காட்டிவிட்டு உட்கார்ந்ததும் ஒரு அம்மா வந்தார். கையில் கட்டைப்பை, பஸ்ஸில் வந்த களைப்பு. கடை முழுக்கப் புதுப் பாத்திரம் தொங்குகிறது. அவர் கண் நேராகக் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் தட்டுக்குப் போனது. அங்கே உன் தூக்குச்சட்டி.

"அத எடுங்க" என்றார்.

அது விற்பதற்கில்லை என்றேன். மூடி வேறு, சரியாக உட்காராது என்றும் சொன்னேன்.

"இருந்தா என்ன, மூடுதுல்ல? வெலையச் சொல்லுங்க."

மறுபடியும் இல்லை என்றேன். போணி நேரத்தில் இல்லை என்று சொல்கிற கடையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். நம் கடைச் செல்லையா அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு பார்க்காததுபோல் குடங்களைத் துடைக்கப் போனார்.

சைக்கிளில் பிளாஸ்டிக் குடம் கட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போன காலத்திலிருந்து, முதல் ஆளை நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. உனக்குத் தெரியாததா? அடக்க விலைக்காவது கொடுத்து, வாங்கிய காசைக் கண்ணில் ஒற்றினால்தான் எனக்கு நாள் விடியும். இன்று அனுப்பிவிட்டேன். பதறவில்லை. ஒன்றுமே தோன்றவில்லை. அதனால்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நம் மகன் காலேஜுக்குப் போன வருஷம் நீ பள்ளிக்கூடத்துக்குப் போனாய். டிரெயினிங் முடித்து, காத்திருந்து, காத்திருந்ததையே மறந்துபோன பிறகு வந்த ஆர்டர். கோட்டைப்பட்டினம் போகிற ரோட்டில் ஒரு தொடக்கப்பள்ளி. தலைமையாசிரியர் ஒருவர், நீ ஒருத்தி. மூன்றாம் வகுப்பு வரை உன் பொறுப்பு.

முதல் வாரமே பஸ்ஸை விட்டு இறங்கி, நேராகக் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாய். வாங்கிக் கொடுத்த டீ ஆறிப்போனது. "நான் இதுக்கு லாயக்கில்லங்க. கேள்வி கேட்டா ஒரு புள்ளயும் வாயத் தொறக்கல. போர்டு பக்கம் திரும்புனா சந்தை மாதிரி இருக்கு."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. விடுவதென்றால் இப்போதே விட்டுவிடு, நஷ்டத்தில் ஓடுகிற கடையை இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது என்றேன். நீ முறைத்தாய். இத்தனை வருஷம் காத்திருந்தது ஒரு வாரத்தில் மூடுவதற்கா என்று கேட்டாய். அப்படியானால் கடை மாதிரி நடத்து என்றேன். "மொதப் பதில் சரியா வரணும். அதான் போணி. கைராசிக்காரப் புள்ளயாப் பாத்துக் கேளு. மத்தது தானா ஓடும்."

ஓடவும் செய்தது. நித்திஷ் என்று ஒரு வாயாடிப் பயல். தினமும் முதல் கேள்வி அவனுக்கு. அவன் டாண் என்று சொல்லுவான், வகுப்பு சூடு பிடிக்கும். போணி என்கிற வார்த்தை பிள்ளைகளுக்கும் பிடித்துப்போனது. டீச்சர், நித்திஷ் போணி பண்ணட்டும் என்று அவர்களே சத்தம் போடுவார்களாம். நீ வந்து சொல்லச் சொல்ல எனக்குப் பெருமை. பி.எட். படித்தவர்களுக்குத் தெரியாததை நான் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று செல்லையா அண்ணனிடம்கூடப் பீற்றிக்கொண்டேன்.

அப்புறம் ஒருநாள் நீ பஸ்ஸுக்கு நின்றபோது தர்ஷினி பக்கத்தில் வந்து நின்றாள். கடைசி வரிசையில் உட்காரும் பிள்ளை. அன்றுவரை உன்னிடம் பேசியதில்லை.

"டீச்சர், எனக்குக் கைராசி இல்லன்னுதான் என்னயக் கேக்க மாட்டேங்கிறீங்களா?"

யார் அப்படிச் சொன்னது என்று கேட்டிருக்கிறாய். அவள் அப்பா முதல் தடவை சவூதிக்குக் கிளம்பியபோது இவள் எதிரே ஓடி வந்தாளாம். போன இடத்தில் வேலை சரியில்லாமல் அவர் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார். அதிலிருந்து அவர் லீவு முடிந்து கிளம்புகிற நாளில் இவளை அடுத்த வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார்கள். அப்பா கார் ஏறுவதை அவள் பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலம், உங்க யோசனையைக் கடையிலேயே வச்சுக்குங்க என்று நீ என்னைத் திட்டுவாய் என்று நினைத்தேன். திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னாய். "போணிக்கு லாபம் பாக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்வீங்க? நான் லாபம் பாத்துட்டேங்க."

மறுநாளிலிருந்து முதல் கேள்வி தர்ஷினிக்கு. அவளுக்குத் தெரிந்த கேள்விதான், பதில்தான் வரவில்லை. நீ அடுத்த பிள்ளைக்குப் போகாமல் நின்றாய். நித்திஷ் உட்கார்ந்த இடத்தில் குதித்தான். தலைமையாசிரியர் வராந்தாவில் நின்று, என்னம்மா மௌன விரதமா என்று கேட்டுவிட்டுப் போனார். இன்னொரு நாள் வந்து, ஆய்வுக்கு யாராவது வந்தால் பாடம் நகரவில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அது. அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாய், ஆனால் விரல் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு ஆளுக்காகக் கடையை மூடி வைப்பார்களா என்றேன்.

"மூடல. தொறந்துதான் வச்சிருக்கேன்" என்றாய்.

தினமும் நீ கடைப்படி ஏறும்போதே கல்லாவிலிருந்து கேட்பேன், "போணி ஆச்சா?" என்று. நீ உதட்டைப் பிதுக்குவாய்.

பிறகு கேள்வியை மாற்றினாய். பாடத்தில் இல்லாத கேள்வி. "நான் பஸ்ஸ விட்டு எறங்குனப்ப என் கையில என்ன இருந்துச்சு?"

தர்ஷினி வெகுநேரம் நின்றிருக்கிறாள். "தூக்குச்சட்டி" என்றாள். நீ போதும் என்று திரும்பும்போது, "மூடி வேற டீச்சர். அந்தச் சட்டிக்குள்ளது இல்ல" என்றாளாம்.

வகுப்பே சிரித்தது. கடைக்காரர் வீட்டுச் சட்டிக்கே மூடி இல்லையா என்று நித்திஷ் கேட்க, நீயும் சிரித்துவிட்டாய். அவள் மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்து, விளிம்பு எங்கே உட்காரவில்லை என்று விரல் வைத்துக் காட்டியிருக்கிறாள். விற்காமல் கிடக்கிறதே என்று நான் வீட்டுக்குத் தள்ளிவிட்ட சாமான் அது. இத்தனை நாள் நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அன்று நீ ஸ்டூலில் உட்காரவில்லை. தூக்கை என் மேசையில் வைத்து, "ஆச்சு" என்றாய். சரியான மூடியோடு வேறொன்று எடுத்து நீட்டினேன், வாங்கவில்லை. இதுதான் போணி ஆன சாமான் என்றாய்.

அந்த வருஷம் நீ இன்னும் என்னென்னவோ கற்றுக்கொண்டு வந்தாய். திங்கட்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது என்கிற பிள்ளை ஞாயிற்றுக்கிழமை சரியாகச் சாப்பிட்டிருக்காது, சத்துணவு லீவு. புரிஞ்சுதா என்று மட்டும் கேட்கவே கூடாது, எல்லாரும் ராகம் போட்டுப் புரிஞ்சுது டீச்சர் என்பார்கள். "நல்ல சாமானான்னு வாங்க வந்தவுக கேட்டா நீங்க இல்லைன்னா சொல்வீங்க?" என்று என்னையே உதாரணம் காட்டினாய். கோபம் வந்தது. நியாயமாகவும் இருந்தது.

இரண்டாவது வருஷம் பள்ளி திறந்து கொஞ்ச நாளில் காய்ச்சல் என்று படுத்தாய். இங்கே ஓர் ஆஸ்பத்திரி, தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரி. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பந்தல்காரனிடம் நாற்காலி வாடகைக்குப் பேரம் பேசியது நினைவிருக்கிறது. சொந்தக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். எனக்குத் தெரிந்தது அதுதான், வாய் அதைச் செய்தது. தலைமையாசிரியர் துக்கத்துக்கு வந்தபோது, நீ பள்ளிக்கூடத்தில் விட்டுவந்த தூக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்.

காரியம் முடிந்து கடை திறந்த அன்று, எதிர் மருந்துக்கடைக்காரரைப் போணிக்கு வரச் சொல்லியிருந்தார் செல்லையா அண்ணன். கைராசிக்காரர் என்று ஊரே சொல்லும். அவர் ரோட்டைத் தாண்டி வரும்போது, அந்தப் பக்கம் ஓர் அம்மாவும் பிள்ளையும் ஒதுங்கி நிற்பதைப் பார்த்தேன். யாரென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போணி முடியட்டும் என்று நிற்கிறார்கள்.

மருந்துக்கடைக்காரரிடம் கொஞ்சம் நில்லுங்கண்ணே என்றுவிட்டு அவர்களைக் கூப்பிட்டேன். அந்த அம்மா தயங்கினார். "மொதல்ல அவுக வாங்கட்டும்ண்ணே. நாங்க சும்மா துக்கம் கேக்கத்தான் வந்தோம்."

"பாப்பா வரட்டும்" என்றேன்.

தர்ஷினி படியில் வந்து நின்றாள். என்ன வேணும் என்றேன். பேசவில்லை. வேறு நாளாக இருந்தால் அதற்குள் டம்ளர், தட்டு, டப்பா என்று எடுத்து முன்னால் அடுக்கியிருப்பேன். வாய் வரை வந்ததை நிறுத்திக்கொண்டேன். மருந்துக்கடைக்காரர் வாட்சைப் பார்த்தார். அவள் கல்லாவுக்குப் பின்னால் பார்த்தாள்.

"டீச்சர் மூடிய மாத்தவே இல்லையா?"

"மாத்தல."

பிறகு ஒரு சின்ன டம்ளரைக் காட்டினாள். அடக்க விலைக்குக் கொடுத்தேன். காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், கண் காய்ந்துதான் இருந்தது. அன்று வியாபாரம் எப்படி என்று கேட்பாய். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வழக்கம்போல்.

இப்போது வெயில் கடைப்படி வரை வந்துவிட்டது. போகிற வருகிற ஆட்களைக் கூப்பிடவா என்று செல்லையா அண்ணன் கேட்கிறார். முன்பென்றால் நானே ரோட்டில் இறங்கி நின்றிருப்பேன். வேணாம் என்றேன்.

இன்னும் போணி ஆகவில்லை. திறந்துதான் வைத்திருக்கிறேன்.