வென்றவர்கள் அழுத மாலை

என் அன்பு அண்ணா,

இரண்டாவது ஆட்டம் முடிந்துவிட்டது. முடிவு தெரியாமலே போய்விட்டீர்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதல் ஆட்டத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி என் கைபேசியில் பார்த்தீர்கள். எங்கள் எசன் நகரப் பெண்கள் அணி இத்தாலியில் போய் விளையாடிய அந்தக் கூடைப்பந்து ஆட்டம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் பார்க்கிறீர்கள் என்பதால் நானும் பார்த்தேன். பன்னிரண்டு புள்ளியால் பின்னுக்கு நின்றோம், நேரமும் முடிகிறது. அப்போது எங்கள் அணிப் பிள்ளை ஒருத்தி தூரத்தில் நின்று எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. நீங்கள் ஊசி ஏறியிருந்த கையையும் தூக்கிச் சிரித்தீர்கள்.

"தோத்துப்போச்சுதெல்லே அண்ணா, ஏன் சிரிக்கிறியள்?"

"ஒன்பதாலைதான் தோத்தது. அடுத்த கிழமை இஞ்சை வருவினம். ரெண்டு ஆட்டத்தின்ரை புள்ளியையும் கூட்டித்தான் கிண்ணம். பத்தாலை வெண்டாக் காணும், கிண்ணம் எங்களுக்கு."

அடுத்த நாள் காலையில் நீங்கள் இல்லை. உங்களைத் தகனம் செய்ததற்கு மறுநாள்தான் அந்த ஆட்டம் வந்தது.

தகனத்தன்று ஒரு ஜெர்மன்காரி வந்தார். எழுபது வயதிருக்கும். கறுப்பு உடுப்பு, கழுத்தில் அணியின் சிவப்புச் சால்வை. ஹெல்கா என்று சொன்னார். பன்னிரண்டு வருடமாக விளையாட்டு மண்டபத்தில், சந்தா கட்டி எடுத்த உங்கள் கதிரைக்குப் பக்கத்துக் கதிரையாம். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு அந்தக் கதிரை வெறுமையாக இருந்தால் என்னால் பார்க்க ஏலாது. நீங்கள் வாருங்கள்" என்று கேட்டார். நீங்கள் போன நாளிலிருந்து அண்ணி ஒருவரோடும் சரியாகப் பேசவேயில்லை.

மறுநாள் பின்னேரம் வீடு முழுக்கச் சனம். அண்ணி மேல்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து, "மலர், வெளிக்கிடு" என்றா.

பெரியம்மா திகைத்துப்போனா. "பிள்ளை, செத்தவீட்டுத் துடக்கோடை விளையாட்டுப் பாக்கப் போறதோ? சனம் என்ன சொல்லும்?"

"கோயிலுக்குத்தான் போகக்கூடாது மாமி. கூடைப்பந்துக்குப் போகக்கூடாதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே."

அண்ணா, இப்படிப் பேசத் தெரிந்தவரா அண்ணி? உங்களுக்கு முன்னமே தெரியுமா?

மண்டபத்தில் உங்கள் கதிரையில் அண்ணி இருந்தா. ஹெல்கா எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எங்கள் பிள்ளை ஒருத்தி பந்தோடு தயங்கி நின்றாள். உடனே எங்கள் வரிசையே எழும்பிக் கத்தியது: "எறி! எறி!" தமிழ்தான் அண்ணா. தாடிக்காரர், தலை நரைத்த மனிசி, காது குத்திய பெடியன், அந்த ஜெர்மன்காரர் எல்லாரும்.

ஹெல்கா என் பக்கம் குனிந்தார். "உன் அண்ணன் கத்துவார், நாங்களும் கத்துவோம். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க எப்போதும் மறந்துவிடுவோம்."

அர்த்தத்தைச் சொன்னேன். அட, சரியான இடத்தில்தான் கத்தியிருக்கிறோம் என்று சிரித்தார். அண்ணி என்னைப் பார்த்தா. "இவர் கத்துறவரோ?" கறிக்கு உப்புக் குறைந்தாலும் வாய் திறக்காத மனிசன் நீங்கள். எங்கே வைத்திருந்தீர்கள் அந்தக் குரலை? எங்களை ஒருநாளாவது கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே. அல்லது, ஒருவருக்கும் தெரியாத ஓர் இடம் உங்களுக்கும் வேண்டியிருந்ததா?

ஆட்டத்தைச் சொல்கிறேன். பாதியில் நாலு புள்ளி முன்னுக்கு. மூன்றாம் பகுதியில் இத்தாலிக்காரிகள் சமப்படுத்திவிட்டார்கள். கடைசிப் பகுதியில் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன வந்ததோ தெரியாது, ஓடினார்கள், விழுந்தார்கள், எழும்பி எறிந்தார்கள். எட்டுப் புள்ளி முன்னுக்கு நின்றபோது கடைசிப் பந்து எங்கள் கையில் இருந்தது. வரிசை கத்தியது. அண்ணியும் கத்தினா. பந்து வளையத்தில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது.

எட்டால் வென்றோம். கிண்ணம் ஒரு புள்ளியால் போய்விட்டது.

அண்ணிக்கு விளங்கவில்லை. புள்ளிப் பலகையில் நாங்கள்தான் முன்னுக்கு. ஆனால் எங்கள் பிள்ளைகள் தரையில் குந்தியிருந்து அழுகிறார்கள், மற்றவர்கள் கட்டிப்பிடித்துத் துள்ளுகிறார்கள். "இதென்னடி மலர்? வெண்டவை அழுகினம், தோத்தவை ஆடுகினம்!" நீங்கள் எனக்குச் சொன்னதை நான் அவவுக்குச் சொன்னேன். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

முழு மண்டபமும் எழும்பி நின்று கைதட்டியது. அண்ணியும் எழும்பினா. வெளிச்சத்தைக் குறைக்கத் தொடங்கும் வரைக்கும் அவ திரும்பக் கதிரையில் இருக்கவில்லை.

திரும்பி வரும் ட்ராமில் ஒரே கேள்வி. அந்த நடுவர் விசில் ஊதினது நியாயமோ? அந்த உயரமான பிள்ளையை ஏன் வெளியில் இருத்தி வைத்தவை? மேலதிக நேரம் ஏன் குடுக்கேல்லை? அவ வாய் திறந்து பேசிக்கொண்டே வந்தா, அண்ணா. வீட்டு வாசலில் நின்றும் நடுவரைத் திட்டி முடித்துத்தான் உள்ளே போனா. பிறகுதான் அறைக்குள் அவ அழுவது கேட்டது. நல்லாக அழுதா.

இன்று காலை என்னிடம் ஹெல்காவின் நம்பரைக் கேட்டா. அந்தக் கதிரையைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டுமாம்.

இலையுதிர் காலத்தில் புது ஆட்டங்கள் தொடங்குகின்றன. அண்ணியைத் தனியே போக விடமாட்டேன். எனக்கு ஆட்டம் விளங்கினாலும் விளங்காவிட்டாலும், அவவின் பக்கத்தில் நான் இருப்பேன். இது சத்தியம்.

உங்கடை குரலை இவ்வளவு பிந்திக் கேட்ட
உங்கடை தங்கச்சி,
மலர்