ஈரச் சுவர் வீடு

எங்கள் ஜட்ஜம்மாவுக்கு,

அப்பாவின் வலது முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும், அறையில் உன்னோடு இருக்கும் மற்ற மூன்று பெண்களும், நாலு பேருக்கும் பொதுவான அந்த ஒற்றை ஜன்னலும் சுகம்தானே? மேல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் அப்பா பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு நம் கட்டிலுக்கும் கூரைக்கும் எவ்வளவு என்று அளந்து பார்த்தார், எதுக்கு என்று கேட்டால் சும்மாதான் என்கிறார். இருமல் விட்டதா? லேபில் நாளெல்லாம் நின்றபடி வேலை, வந்து படுக்கவும் காற்றில்லாத இடம், மற்றவர்கள் திட்டினாலும் காலையில் கொஞ்ச நேரம் அந்த ஜன்னலைத் திறந்து வை.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொல்வது போல ஒன்று எழுதியிருந்தாய், ஒப்பந்தம் இரண்டு மாதத்தில் முடிகிறது, வீடு அமைந்து எனக்கென்று ஒரு ரூம் இருந்தால் வந்துவிடுகிறேன், இல்லையென்றால் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், உங்களுக்கு எதற்கு இடைஞ்சல் என்று. அதற்குத்தான் இந்தக் கடிதம். பதில் எழுத எனக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது, கோபப்படாதே, நடந்ததைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொல்ல முடியவில்லை. சின்ன வயதில் நானும் அப்பாவும் சண்டை போட்டால் நாற்காலி மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசுங்க என்பாயே, அப்படி உட்கார்ந்து கேள்.

வீட்டுக்காரர் நம்மைக் காலி செய்யச் சொன்னது உனக்குத் தெரியும். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, மகனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதமாக வீடு தேடி அலுத்துப்போய் நம்மை எழுப்பிவிட்டு அவனை உட்கார வைக்கிறார், அவ்வளவுதான். பாட்டு நின்றதும் நாற்காலி பிடிக்கிற விளையாட்டு மாதிரி. எங்கள் நூலகத்துக்கு வரும் பத்திரிகைகளில் வாரம் ஒரு கட்டுரையாவது வந்துவிடுகிறது, நாட்டில் இத்தனை லட்சம் வீடு பற்றாக்குறை, கட்டுவது அதில் பாதிகூட இல்லை, கட்டினதிலும் இத்தனை பூட்டியே கிடக்கிறது என்று. ஒன்று விடாமல் படித்துவிட்டேன், நாற்காலி ஏன் குறைவு என்று இப்போது நன்றாகத் தெரியும், ஆனால் தெரிந்துகொண்டும் நின்றுகொண்டுதான் இருக்கிறோம். பத்தொன்பது வீடு பார்த்தோம். ஒன்றில் ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டுமானால் ஆள் சமையலறையை விட்டு வெளியே வர வேண்டும். இன்னொன்று நாங்கள் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கும்போதே விற்றுப்போனது, நடுப்படியில் புரோக்கருக்கு போன் வந்தது, அவர் அப்படியே திரும்பி, இறங்குங்க சார் என்றார். ஏறின மூச்சு வாங்கி முடியுமுன்பே இறங்கினோம்.

இருபதாவது வீடுதான் வழக்கு. பழைய கட்டடம், இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை, விலையும் எங்களுக்குக் கட்டுப்படியாகும். ஏன் கட்டுப்படியாகும் என்றால் உள் அறைச் சுவரில் கதவளவுக்கு ஒரு ஈரத்திட்டு, பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்ததும் செருப்பைத் தேடியிருக்கிறார்கள். முன்னால் வந்த ஒரு மேஸ்திரி சுவரையே இடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனதில் வீட்டின் சொந்தக்காரரும் மனம் விட்டுப்போயிருந்தார். அப்பா சுவரில் உள்ளங்கையை வைத்தார், காதை வைத்தார், குளியலறைக்குப் போய்த் தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், திரும்பி வந்து என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பதின்மூன்று வருஷமாக ஒரு பிளம்பரோடு குடித்தனம் நடத்துகிறேன், அந்தப் புருவத்துக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். சுவரில் ஒன்றுமில்லை, குழாயில் ஒரு ஜாயின்ட் விட்டிருக்கிறது. புரோக்கரும் மோப்பம் பிடித்துவிட்டார், என் காதருகே வந்து, அக்கா வாயைத் திறந்துடாதீங்க, அந்தத் திட்டுதான் உங்க அதிர்ஷ்டம், அடுத்த வாரம் அட்வான்ஸ் போட்டுடலாம் என்றார். படி இறங்கும்போதே அந்த உள் அறையில் உன் மேஜையை ஜன்னலோரம் போட்டுவிட்டேன், திரைச்சீலைக்கு நிறமும் முடிவு பண்ணிவிட்டேன்.

முதல் மாடியில் ஒரு கதவு திறந்திருந்தது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கும் ஒரு பெண், நடைவழியில் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள், நாங்கள் ஒதுங்கித்தான் போக வேண்டியிருந்தது. ஏம்மா இங்க உட்கார்ந்து தைக்கிறே என்று அப்பா கேட்டார். உள்ளே மழைங்க என்று சிரித்தாள். எட்டிப் பார்த்தோம், மேலே நாங்கள் பார்த்த அதே திட்டின் அடிப்பக்கம், சொட்டுச் சொட்டாக வாளியில் விழுந்துகொண்டிருந்தது. ஏழு மாசமா இப்படித்தான், நானும் பிள்ளைங்க ரெண்டு பேரும் சமையல் மேடைக்குக் கீழே படுத்துக்கறோம், வேற வீடு எங்கேங்க கிடைக்குது என்றாள். அப்பா கீழே போய் வண்டியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே ஏறினார். நான் நடுப்படியில் கையைப் பிடித்து நிறுத்தினேன், ஒரே வாரம், வீடு நம்ம கைக்கு வந்த அன்றைக்கே முதல் வேலையாகச் சரி பண்ணிடுங்க என்று கெஞ்சினேன். பார்த்துட்டேனே, இனிமே எப்படிப் பார்க்காத மாதிரி ஒரு வாரம் இருக்கறது என்றார். நல்ல புத்தகங்கள் நிறையப் படித்திருக்கிறேன், ஆனாலும் கையை விடாமல் பிடித்திருந்தேன், அவர்தான் மெதுவாக எடுத்துக்கொண்டார்.

சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு டைல்ஸைக் கழற்றினார், நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. புரோக்கர் சுடுமணலில் நிற்பவர் போலக் காலை மாற்றி மாற்றி வைத்து, என்ன சார், இவ்வளவு நல்ல சான்ஸை உங்க கையாலேயே அடைச்சுட்டீங்களே என்றார். ஆமா, ஒழுகினா அடைக்கத்தானே வேணும் என்றார் உன் அப்பா. பத்து நாளில் சுவர் காய்ந்தது, வெள்ளையடித்தார்கள், பார்க்க வந்தவர்களின் வரிசை தெருவரைக்கும் நின்றதாம், விலை எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலே போய்விட்டது. சொந்தக்காரர் போன் பண்ணி, தப்பா நினைக்காதீங்க, எனக்கும் தேவை இருக்கு என்றார். நாலு நாள் நான் உன் அப்பாவோடு ஆமாம், இல்லை தவிர வேறு பேசவில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு எட்டுகிற வீடு ஏதாவது ஒரு குறை உள்ள வீடுதான், குறையைக் கண்டால் கை சும்மா இருக்காத மனுஷனைக் கூட்டிக்கொண்டு அதைத் தேடிப் போனால் என்றைக்கு வாங்குவது என்று மனதுக்குள் எரிந்துகொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் நூலகத்தில் இருந்து வரும்போது கால் தானாக அந்தத் தெருவுக்குப் போனது. தைக்கும் பெண் அறைக்குள் ஜன்னலோரம் மெஷினைப் போட்டிருந்தாள். நீ வந்தால் மேஜை எங்கே என்று நான் நினைத்தேனோ அதற்கு நேர் கீழே. பிள்ளைகள் இரண்டும் தரையில் கையைக் காலை அகல விரித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தன, பட்டப்பகலில், இடம் இருக்கிறது என்பதற்காகவே தூங்குவது போல. நாட்டுக்கு எத்தனை வீடு வேண்டும் என்று எழுதுகிற ஒருவரும் இந்த அறையை எண்ணியிருக்க மாட்டார்கள், ஆனால் போன மாதம் இல்லாத ஓர் அறை இப்போது இருக்கிறது, உன் அப்பா உண்டாக்கியது. வீட்டுக்கு வந்து அவருக்கு முழங்காலில் தைலம் தேய்த்துவிட்டேன். என்ன, ராசியா என்றார். வாயை மூடிக்கிட்டு காலை நீட்டுங்க என்றேன்.

ஆகவே பதில் இதுதான், உனக்கு ரூம் இல்லை. வாடகைக்கு ஒரு கூடமும் ஒரு சமையலறையும் கிடைத்து, போன வாரம் மாறிவிட்டோம். ஆனால் ஒன்று நினைவிருக்கிறதா? நான் முதன்முதலாகப் பெட்டிகளோடு வந்தபோதும் நம் வீடு ஒரே அறைதான், ஒரே அலமாரிதான். உனக்குப் பதினோரு வயது. யாரும் சொல்லாமல் உன் துணியை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி, நடுவில் சாக்பீஸால் கோடு போட்டு, இது உங்க சைடு, தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாய். உனக்கு நான் இடைஞ்சல் என்று நானும் நினைக்கவில்லை, நீயும் சொல்லவில்லை. இந்த வீட்டில் அலமாரியை நிறுத்தியதும் என் புடவைகளை ஒதுக்கிவிட்டு அதே போல ஒரு கோடு போட்டேன். அப்பா உனக்காகக் கட்டில் ஒன்றை அளவெடுத்துச் செய்யச் சொல்லியிருக்கிறார், எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்காது, அதை மறக்காமல் எழுது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். தீர்ப்பு உன்னுடையது, மூன்று வருஷம் என்றாலும் குறைப்பட்டுக்கொள்ள மாட்டோம், எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் நன்றாக இருந்து நீ நினைத்தது எல்லாம் கைகூட வேண்டும். ஜன்னலைத் திறக்க மறக்காதே.

கோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
சித்தி