ஒன்பது இறாத்தல்

பிப்ரவரி 4, திங்கள்

கடும் பனி. டிஸ்பென்சரி வாசல் புல்லெல்லாம் வெள்ளை. இருமல் கேஸ் பதினேழு. இருமல் மருந்து அடிமட்டம், ஹட்டன் டவுனுக்கு எழுத வேண்டும்.

நேற்றைய கல்யாண வீட்டுப் பேச்சு இன்னும் காதில். பந்தியில் யாரோ, "ஊருக்கெல்லாம் மருந்து குடுக்கிறாரு டாக்டரய்யா, சொந்த சம்சாரத்துக்கு ஒண்ணும் பண்ணலியே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கமலாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நான் மருந்து கலக்கிக் கொடுக்கும் வெறும் டிஸ்பென்சர்தான், ஆனால் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு நான்தான் டாக்டர். திரும்பும் வழியில் அவளிடம் சொல்லிவிட்டேன்: "வசந்தா பொறந்ததுலேர்ந்து நீ ஊதிக்கிட்டே போற." அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

தோட்ட மானேஜர் துரையின் பங்களாவிலிருந்து வந்த பழைய ஆங்கிலப் பத்திரிகையில் உடம்பு மெலிய ஒரு பக்கம். என் அறிவையும் சேர்த்து ஒரு அட்டவணை:

காலை - வெந்நீர், எலுமிச்சை, கொஞ்சம் வினாகிரி (வினிகர்). கொழுப்பைக் கரைக்கும்.
பகல் - அவித்த கோவா (முட்டைக்கோஸ்), ஒரு ரொட்டி.
இரவு - சோறு கிடையாது. இருட்டிய பின் தின்னும் சோறு அப்படியே கொழுப்பாகிவிடும்.
தண்ணீர் - நாளைக்கு இரண்டு கோப்பை. மிஞ்சினால் உடம்பு ஊதும்.
செவ்வாய், வெள்ளி - பேதி உப்பு.
மாலை - கம்பளி போர்த்தி அடுப்படியில் அரை மணி. வியர்வையோடு கொழுப்பு இறங்கும்.

கமலா நிறை: 151 இறாத்தல் (பவுண்டு).

வாசித்துக் காட்டினேன். "சரிங்க" என்றாள். அவ்வளவுதான்.

பிப்ரவரி 7, வியாழன்

146. மூன்று நாளில் ஐந்து! நானே எதிர்பார்க்கவில்லை.

கமலாவுக்குத் தலைவலி. கொழுப்பு கரையும்போது அப்படித்தான் இருக்கும் என்றேன். தண்ணீர்க் குடத்தைப் பார்த்துக்கொண்டே அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருக்கிறது. பனியினால் இருக்கும்.

பிப்ரவரி 11, திங்கள்

வெயில். பனியில் கருகிய கொழுந்தைப் பற்றித்தான் எல்லோருக்கும் பேச்சு.

வசந்தாவை நிறுத்தேன். 14 இறா. 6 அவுன்ஸ். போன வாரம் 14, 10. ஏழு மாதப் பிள்ளை குறையலாமா? தராசில் கோளாறு என்றேன். மருத்துவச்சி பொன்னம்மா பக்கத்தில் நின்றாள்.

"தராசு சரியாத்தான் இருக்குங்கய்யா. பிள்ளைக்குப் பால் பத்தல."

"பல்லு முளைக்குது. அதான் அழுவுது."

"பல்லுக்கு அழுவுற பிள்ளை இப்படி விரலச் சூப்பாதுங்க." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வாய்த்துடுக்கு.

தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கரின் மனைவி அட்டவணை கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். நல்ல கையெழுத்தில் ஒரு பிரதி எழுதிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 14, வியாழன்

142. பத்து நாளில் ஒன்பது இறாத்தல். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நாலு பேர் கேட்கச் சொன்னேன். கணக்கப்பிள்ளை கை கொடுத்தார்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது கமலா வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "விரலு மடங்கிக்கிச்சுங்க. நிமிர மாட்டேங்குது." எண்ணெய் தேய்த்து நீவினேன். கொஞ்ச நேரத்தில் சரியானது. ஆனால் தோல் ஒரு மாதிரி. கிள்ளினால் கிள்ளியபடி நிற்கிறது. வயிற்றுப்போக்குக் கேஸ்களில் பார்த்திருக்கிறேன்.

நிறுத்திவிடலாமா? நாளை பேதி உப்பு நாள். பத்து இறாத்தல் ஆகட்டும். பிறகு நிறுத்தலாம்.

பிப்ரவரி 15, வெள்ளி

டிக்கோயா ஆஸ்பத்திரி விறாந்தை வாங்குப் பலகையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு உப்பு கொடுத்தேன், என் கையால். பதினொரு மணிக்குப் பொன்னம்மா ஓடி வந்தாள். "அம்மா விழுந்துட்டாங்க." அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி. வசந்தா அவள் கையிலிருந்து கம்பளிமேல் விழுந்திருக்கிறாள், காயம் இல்லை. ஒரு முழம் அடுப்புப் பக்கம் என்றால்? எழுத முடியவில்லை.

தேயிலை லொறியில் வந்தோம். வழியெல்லாம் கமலாவின் கண் பாதி திறந்தபடி. நாடி ஓட்டம் எண்ணினேன், எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது.

இப்போது ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏறுகிறது. வசந்தாவுக்குப் பால்மா கரைத்துக் கொடுத்தார்கள். இரண்டு போத்தல் குடித்துவிட்டு மூன்றாவதற்கு வாயைத் திறந்தாள்.

பிப்ரவரி 16, சனி

கமலா கண் விழித்தாள். பெண் டாக்டர் சிங்களவர், கமலாவுக்குச் சிங்களம் தெரியாது. நடுவில் நான்.

பால் கொடுக்கிற தாய்க்கு இந்தப் பட்டினியையும் பேதியையும் யார் சொன்னது என்று டாக்டர் கேட்டார். கேள்வியைத் தமிழில் சொன்னேன்.

கமலா என்னைப் பார்த்தாள். மெல்லிய குரல். "எனக்காத் தோணி நானா செஞ்சேன்னு சொல்லுங்க. உங்க வேலைக்கு ஏதாச்சும் வந்துரும்."

டாக்டர் காத்திருந்தார். சிங்களத்தில் அது ஒரே வாக்கியம். வாய் வரைக்கும் வந்தது.

நான்தான் கொடுத்தேன் என்றேன். தோட்டத்து டிஸ்பென்சர் என்றும் சொன்னேன்.

பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை, அதுதான் தாங்கவில்லை. குறைந்த ஒன்பது இறாத்தலில் பெரும்பகுதி தண்ணீர்தான், ரெண்டு நாள் ஒழுங்காகக் குடித்தால் திரும்பி வரும் என்றார். வியர்வையில் கொழுப்பு வராது, பேதியிலும் வராது. வினாகிரி எதையும் கரைக்காது. சோற்றுக்குப் பகல், இரவு தெரியாது. குறைப்பதானால் மெள்ள, மாதக்கணக்கில், அதுவும் பிள்ளை பால் மறந்த பிறகு. "இன்னும் யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா?"

பிப்ரவரி 17, ஞாயிறு

மழை. முதல் பஸ்ஸில் தோட்டம். வீட்டுக்குப் போகாமல் நேரே பெரிய கிளாக்கர் வீடு.

அவர் மனைவி, "மூணு இறாத்தல் குறைஞ்சிருக்கே டாக்டரய்யா. இப்பப் போயி நிறுத்தச் சொல்றீங்க?" என்றார். கண் குழி விழுந்திருந்தது. அது தண்ணீர், அம்மா, என்று சொன்னேன். கமலாவைப் பற்றியும் சொன்னேன். முழுவதும்.

கிளாக்கர் பேப்பரைத் தாழ்த்தினார். "அப்ப எங்களுக்கு நீங்க குடுத்த மத்த மருந்தெல்லாம்?"

அட்டவணையை வாங்கிக் கிழித்தேன். துரை காதுக்கு நாளைக்கே போகும். போகட்டும்.

பொன்னம்மாவிடமும் போனேன். தராசு சரிதான் என்றேன். தலையசைத்தாள்.

பிப்ரவரி 20, புதன்

கமலா வீட்டுக்கு வந்தாள். பால் கொஞ்சம் ஊறுகிறது. வசந்தாவுக்குப் பால்மாவும் சேர்த்து.

துரை இன்னும் கூப்பிடவில்லை.

பகல் நானே சமைத்தேன். சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு. தட்டில் போட்டு முன்னால் வைத்தேன். தொடாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"எவ்வளவு சாப்பிடட்டுங்க?"

"பசி தீர சாப்பிடு."

தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது எப்பத் தீருதுன்னு இப்ப எனக்குத் தெரியலீங்க."

மூன்று கவளம் சாப்பிட்டாள். வசந்தா அழுதாள். கமலா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து பிள்ளையிடம் போய்விட்டாள்.