கூழில் கலந்த மாத்திரை

என் அம்மாவுக்கு,

அத்தை தூங்கட்டும் என்று காத்திருந்தேன். விழுப்புரத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். உள்ளே அப்பா படுத்திருக்கிறார். காலையில் ஆபரேஷன் முடிந்தது. ரத்தம் இன்னும் நிற்கவில்லை அம்மா.

நீ இருக்கும்போதே அப்பா ராத்திரியில் பத்து தடவை எழுந்து போவாரே, ஞாபகம் இருக்கிறதா? புராஸ்டேட் சுரப்பி வீங்கி மூத்திரத்தை அடைத்துவிட்டதாம். ரொம்பப் பெரிதாகிவிட்டதால் வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். இப்போது ஒரு குழாய் வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே போய் ரத்தத்தோடு வெளியே வருகிறது.

"ரோஸ் கலர்ல வந்தா பரவால்ல பாப்பா. கெட்டியா செவப்பா வந்தா ஜல்தி வந்து கூப்புடு" என்றார் சிஸ்டர். இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டேன். ரத்தக்கட்டி குழாயை அடைத்து அப்பா துடித்தபோது, சிஸ்டர்தான் கழுவி எடுத்தார்.

நான் செய்ததை உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அப்பாவின் நெஞ்சுவலிக்கு ஒரு சின்ன மாத்திரை உண்டே. விழுங்கியதுபோல் நடித்துவிட்டுச் செம்பருத்திச் செடியில் துப்புவார். அதனால் நீ பொடியாக்கிக் கேப்பைக்கூழில் கலந்துவிடுவாய். கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "நா இல்லன்னாலும் ஒரு நாளுகூட உட்றாதடி" என்றாய். நான் விடவேயில்லை.

போன வாரம் திண்டிவனத்தில் வீட்டில் அப்பா சொன்னார். "ஆபரேசன் வரைக்கும் அந்த மாத்திரய நிறுத்தச் சொல்லிட்டாரு டாக்டரு."

"அம்மாகிட்ட உட்ட கதய எங்கிட்டயும் உட்டுக்கினு இருக்கியாப்பா?"

"மாதா சத்தியமா!"

மாதாவின் மேல் எத்தனை பொய்ச்சத்தியம் செய்திருக்கிறார் இவர்! சிரித்துக்கொண்டே கூழில் கலந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள் காலைவரை கலந்தேன்.

இன்று சாயங்காலம் டாக்டர் கேட்டார். "ரத்தம் உறையாம இருக்குற மாத்திரைய நிறுத்திட்டீங்கல்ல?"

"அப்பவே நிறுத்தியாச்சுங்க சார். அண்ணனே சொல்லுச்சு" என்றாள் அத்தை.

அப்போதுதான் அது என்ன மாத்திரை என்றே எனக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

நீயாக இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பாய் இல்லையா? எனக்கு ஏன் தோன்றவில்லை? அத்தை சொன்னதை நம்பித்தானே டாக்டர் மருந்து எழுதியிருப்பார்? இனி என் கையால் கொடுத்தால் அப்பா சாப்பிடுவாரா?

இதோ, உள்ளே முனகுகிறார்.

மிச்சமிருக்கும் மாத்திரை அட்டை என் பையில்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு சிஸ்டரிடம் போகிறேன். அத்தை அடித்தாலும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். உனக்குக் கொடுத்த வாக்கை இன்றோடு விடுகிறேன் அம்மா, கோபித்துக்கொள்ளாதே. டாக்டர் சொல்லாமல் இனி எதையும் கலக்க மாட்டேன். இது புது வாக்கு.

அப்பாவை உன்னிடம் அனுப்ப மனமில்லாத
உன் மகள்,
ஸ்டெல்லா