கொக்குகள் திரும்பி வந்தன

டொலீடோ, ஏப்ரல் 21

அன்புள்ள டெய்னாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் இடது முழங்காலை விட்டுவிட்டுப் பார்த்தால் நாங்கள் இருவரும் சௌக்கியம், நீயும் கேலமும் அந்த அபர்டீன் கடற்காற்றில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உன் இரண்டு கடிதமும் வந்தன. இரண்டிலும் ஒரே கேள்வி, நார்ப் மாமாவுக்கு உங்கள் கல்யாண அழைப்பை அனுப்பலாமா கூடாதா என்று. முதல் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது பனியைப் பற்றியும் அடுத்த வீட்டு நாயைப் பற்றியும் நான்கு பக்கம் எழுதிவிட்டு அந்தக் கேள்வியை மட்டும் நைசாகத் தாண்டிப் போனேன், நீ கவனித்திருப்பாய். இந்த முறை தாண்ட மாட்டேன். ஆனால் பதிலை நேராகச் சொல்ல எனக்கு வராது, நடந்ததைச் சொல்லித்தான் அங்கே வருவேன், தேநீர் போட்டுக்கொண்டு உட்கார்.

நான் மறுபடியும் கற்பனை பேஸ்பால் ஆட ஆரம்பித்திருக்கிறேன். ஆமாம், எட்டு வருடம் கழித்து. கேலம் இது என்ன கூத்து என்று கேட்டால் இப்படிச் சொல்லு: நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்குக் கொஞ்சம் பேராகத் தேர்ந்தெடுத்து ஒரு காகித அணி வைத்துக்கொள்வோம், அவர்கள் மைதானத்தில் அடிப்பதும் வீசுவதும் நமக்குப் புள்ளிகளாக வந்து சேரும், வாரத்துக்கு ஒருவரோடு மோத வேண்டும், அவ்வளவுதான். உன் அப்பா வேறு மாதிரி சொல்வார், "அடிக்கிறது ஒருத்தன், ஓடுறது ஒருத்தன், மூச்சு வாங்குறது மட்டும் உங்கம்மா." நான் ஏன் விட்டேன் என்பது உனக்குப் பாதிதான் தெரியும். ரோலண்ட் என்று ஒரு பந்துவீச்சாளரை உன் மாமா என் தலையில் கட்டிவிட்டு பதிலுக்கு என்னிடமிருந்த, அருமையாக அடிக்கும் ஒருவனை வாங்கிக்கொண்டான். மறுநாள் காலையில் ரோலண்டுக்கு முழங்கையில் அறுவை சிகிச்சை, அந்த வருடம் முழுக்க ஆட மாட்டான் என்று செய்தி. நார்புக்கு அது முந்தின நாளே தெரியும், ரேடியோவில் கேட்டிருக்கிறான், அவன் பெண்டாட்டி வாண்டா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். போய்க் கேட்டால், "அக்காவா இருந்தா என்ன, ஆட்டம் ஆட்டந்தான்" என்றான். கூடப் பிறந்தவனே இப்படி என்றால் அப்புறம் என்ன ஆட்டம் என்று அன்றைக்கு எழுந்து வந்தவள்தான். ஒரு பந்துவீச்சாளனின் முழங்கைக்காக எட்டு கிறிஸ்துமஸ் போயிற்று, எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் மாதம் வாண்டா போன் செய்தாள். "அண்ணி, லீக்ல ஒரு இடம் காலியா இருக்கு, நீங்க வரலேன்னா வெளியாளுக்குப் போயிடும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க" என்றாள். அவன் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "அவருக்கு வெட்கம், உங்களுக்கு வீம்பு, நடுவுல என் காது வலிக்குது" என்று வைத்துவிட்டாள். மூன்று நாள் யோசித்தேன். வீம்பு எனக்கு இருக்கிறதுதான், ஆனால் ஏப்ரலில் ஆட்டம் தொடங்கினால் கை அரிக்கிறதே, அதற்கு என்ன செய்வது.

ஆட்களைப் பிரித்துக்கொள்ளும் நாள் பழையபடி, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் அந்த பௌலிங் கூடத்தின் பின்னறையில்தான். அதே பெரிய அட்டை, அதே பெயர் ஸ்டிக்கர்கள், பத்துப் பேரில் ஆறு பேருக்குத் தலைமுடி போயிருந்தது. நார்ப் அட்டைக்குப் பக்கத்தில் நின்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தான், என் பக்கம் திரும்பவே இல்லை, நானும் அவனைப் பார்க்கவில்லை. என் முறை வந்தது. பழைய நோட்டில் நானே வட்டம் போட்டு வைத்திருந்த பெயரைக் கம்பீரமாகச் சொன்னேன், ஹார்க்ரோவ் என்று. பிளம்பர் ஸ்டான்தான் வாயைத் திறந்தார். "மார்லீன், அவன் ஆட்டத்தை விட்டு நாலு வருஷம் ஆச்சும்மா. இப்ப டிவியில பேசிட்டிருக்கான். வேணும்னா மைக்கோட சேத்து எடுத்துக்கோ" என்றார். அப்புறம் கேட்க வேண்டுமா. ஆட்டத்தில் இல்லாதவனைக் கேட்டால் கூடத்திலேயே பெரிய பௌலிங் செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும், அது இருபத்தாறு வருட வழக்கம். பதினான்காம் நம்பர் செருப்பில் உன் அம்மா வாத்து மாதிரி நடந்து போய் போலிஷ் சாசேஜ் எடுத்து வந்தாள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், நார்ப் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த சாசேஜ் மேசைக்கு மேலேதான் வருடாவருடம் யார் எந்த இடம் என்ற பட்டியலை மாட்டி வைத்திருக்கிறார்கள். சும்மா பார்த்தேன். மௌமி கொக்குகள். என் அணி, நம் ஊர் ஆற்றை நினைத்து நான் வைத்த பெயர். நான் விட்ட பிறகும் எட்டு வருடமும் அந்தப் பெயர் இருக்கிறது. ஒன்பதாம் இடம், ஏழாம் இடம் என்று தள்ளாடி, ஐந்தாவது வருடம் முதலிடம்! ஸ்டானைப் பிடித்து யார் நடத்தினது என்று கேட்டேன். "வேற யாரு, உன் தம்பிதான். அந்த இடத்தை யாருக்கும் குடுக்க விடல, அக்கா வருவான்னு சொல்லிட்டே இருந்தான். ரெண்டு டீமையும் அவனே பாத்துக்கிட்டான். ஃபைனல்ல உன் டீம் அவன் டீமை அடிச்சுது பாரு, ஒரே ஆளு ஜெயிச்சு அதே ஆளு தோத்து மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டதை அன்னிக்குத்தான் பாத்தோம்" என்றார். இந்த வருடம் ஒருவருக்கு ஒரு அணிதான் என்று மற்றவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம், அதனால்தான் வாண்டாவின் அந்தப் போன். பட்டியலில் அந்த எட்டு வருடத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஆனால் உன் அம்மாவின் குணம் உனக்குத் தெரியும், நான் சாம்பியன் ஆகி மூன்று வருடம் ஆகியும் எனக்கே சொல்லாமல் இருந்தானே என்று கோபமும் வந்தது. மிச்ச ஆட்களை எடுத்து முடித்ததும் அவனைத் தேடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதல் வாரமே எனக்கும் அவனுக்கும் மோதல். ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள், சர்ச்சுக்குப் போய் வந்து தோட்டத்தில் வெங்காய நாற்று நட்டுக்கொண்டிருந்தேன், அவன் கொஞ்சம் முன்னால் இருந்தான். ஒரு மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது, திரையில் நார்ப் என்று பெயர். எடுத்தேன். வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. "அக்கா, உன் பிட்சர் கீனனுக்குத் தோள் வலியாம், இன்னிக்கு வீசமாட்டான், ரேடியோவுல இப்பதான் சொன்னான். ஒரு மணிக்குள்ள வேற ஆளை மாத்து" என்றான். எனக்கு அந்தப் புதுப் போனில் ஆளை மாற்றத் தெரியாது. கை நிறைய மண். "மேல தொடு. மேலக்கா, மேல! அது கீழ!" என்று பத்து நிமிடம் அவன் கத்த, நான் பதிலுக்குக் கத்த, அப்பா ஜன்னலைத் திறந்து யாரைத் திட்டுகிறேன் என்று பார்த்தார். ஒருவழியாக மாற்றினேன். அப்புறம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. "அன்னிக்கும் இப்படிச் சொல்லியிருக்கணும்க்கா" என்றான். ஆமாம், சொல்லியிருக்கணும் என்றேன். வெங்காய நாற்றுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

மாற்றி வைத்த பையன் நன்றாக வீசினான், மூன்று புள்ளியில் நான் ஜெயித்தேன். செவ்வாய்க்கிழமை உன் மாமா என் அணி ஐந்தாவது வருடம் ஜெயித்த கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தான், கூடவே ஒரு பெட்டி டோனட். கோப்பைக்குள் திருகாணி போட்டு வைத்திருந்திருக்கிறான் படுபாவி, அடியில் இரண்டு இன்னும் கிடந்தன. உன்னைப் பற்றி நிறையக் கேட்டான், பள்ளிக்கூடப் பட்டமளிப்பில் உன் பெயர் வந்ததும் தான் ஊதுகுழல் ஊதி வெளியே அனுப்பப்பட்டதைச் சொல்லிச் சிரித்தான். கல்யாணம் செப்டம்பர் கடைசி சனிக்கிழமை என்றேன். உடனே, "அய்யோ, ஃபைனல் முடியறதுக்கு மொத நாளு" என்றான், அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டான். தனக்கு அழைப்பு உண்டா என்று கேட்கவில்லை, நானும் உன்னைக் கேட்காமல் வாக்குக் கொடுக்கவில்லை. போகும்போது வாசலில் நின்று தொப்பியைத் திருப்பித் திருப்பி, "அபர்டீன்ல செப்டம்பர் கடைசியில குளிருமா" என்று மட்டும் கேட்டான்.

நன்றாகக் குளிரும், நல்ல கோட்டாக ஒன்று எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். ஆகவே அழைப்பை உடனே அனுப்பு, அவர்கள் இருவரையும் என் மேசையிலேயே போடு. நீயும் கேலமும் பல்லாண்டு ஒற்றுமையாக வாழ வேண்டும், சண்டை வந்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் வளர்க்காதீர்கள், இதை அனுபவப்பட்டவள் சொல்கிறேன். கர்த்தர் உங்கள் இருவரோடும் இருப்பாராக. மறக்காமல் ஒன்று விசாரித்து எழுது, அந்த மண்டபத்தில் போனுக்கு சிக்னல் கிடைக்குமா?

என்றும் உன் அம்மா,
மார்லீன்
(மௌமி கொக்குகளின் சொந்தக்காரி, ஒருமுறை சாம்பியன்)