மாமாவின் நெஞ்சு நீர்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மூன்று முறை கரண்ட் போய் வந்தது. சாயல்குடிப் பக்கத்திலிருந்து கூத்தையா மாமாவைக் கூட்டி வந்திருந்தார்கள். அம்மாவின் தம்பி, என்னை லேப் படிப்பில் சேர்த்துவிட்டவர். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதாம். ஊசியில் எடுத்த நீர் என் மேசைக்கே வந்தது. ஸ்லைடைப் பார்த்த நஸீரா டாக்டர், சந்தேகமாக இருக்கிறது, செல் பிளாக் போடு என்றார்.

ஜூன் 4, புதன்

இங்கேயாவது உண்மையை எழுதிவிடுகிறேன்.

நீரை மெஷினில் சுழற்றினால் செல்கள் அடியில் படியும். மேல்நீரைக் கொட்டிவிட்டு, அந்தப் படிவை மெழுகில் பதித்துச் சீவிப் பார்ப்பதுதான் செல் பிளாக். எப்போதும் பாதி நீரை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் தொடங்குவோம். மாமாவுக்கு நன்றாக வரட்டும் என்று மொத்தத்தையும் போட்டேன். நான்கு குழாயில் படிந்ததை ஒன்றில் சேர்த்து மறுபடி சுழற்றும்போது கரண்ட் போனது. படிவு இறுகவில்லை. கவனிக்காமல் சாய்த்தேன் — எல்லாம் வழுக்கிக்கொண்டு பிளீச்சிங் வாளிக்குள் போய்விட்டது. பிளீச்சிங்கில் விழுந்த செல் செத்த செல்.

டாக்டரிடம், "படிவே நிக்கல மேடம்" என்றேன். நம்பிவிட்டார்.

ஜூன் 6, வெள்ளி

ரிப்போர்ட் போய்விட்டது. மாதிரி போதவில்லை, முடிவு சொல்ல இயலவில்லை, திரும்ப எடுக்கவும். ஆங்கிலத்தில் இரண்டே வரி.

ஜூன் 8, ஞாயிறு

மாமா மகன் சுரேஷ் போன் செய்தான். "கேன்சர் இல்லன்னு வந்துருச்சு, சோதி." ஊரில் யாரோ ரிப்போர்ட்டைப் படித்து, ஒன்றும் தெரியவில்லை என்றுதானே இருக்கிறது, அப்படியென்றால் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

நான் என்ன சொன்னேன்? ம் என்றேன். திரும்ப எடுக்கணும் என்றால் ஏன் என்பான். வேலை போகும். அதைவிட, மாமா முகத்தில் எப்படி முழிப்பேன்? வாயைத் திறந்தாலும் மாட்டிக்கொண்டேன், மூடினாலும் மாட்டிக்கொண்டேன்.

ஜூன் 11, புதன்

அந்த வாளியை இன்றும் நான்தான் கழுவினேன்.

ஜூன் 15, ஞாயிறு

மாமாவுக்கு நோய் இல்லை என்று கருப்பசாமிக்குக் கிடா வெட்டினார்கள். போகாமல் இருக்க முடியுமா? பந்தியில் மாமா என் பக்கம் வந்து நின்றார். "சோதிக்குச் சுவரொட்டிய வைங்கடா. என் உசிரப் பாத்துச் சொன்ன புள்ள." சொல்லிவிட்டு இருமினார். அந்த இருமல் நிற்கவே நேரமானது. எல்லாரும் பார்க்க, இலையில் விழுந்த கிடாவின் மண்ணீரலைத் தின்றேன்.

சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா? அங்கனயே சொல்லியிருக்கலாம்ல? கையில சோத்த வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது —

ஜூன் 16, திங்கள்

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். "கொட்டுனது கைத்தப்பு. பன்னெண்டு நாளா மறைச்சது அப்படி இல்ல. நீயே போய்ச் சொல்லி அவரக் கூட்டிட்டு வா" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

போனேன். சொன்னேன். சுரேஷ் அடிக்க வந்தான். அத்தைதான் நடுவில் விழுந்து தடுத்தார். மாமா ஒன்றே ஒன்று கேட்டார். "அப்ப கருப்பனுக்கு வெட்டுனது எதுக்கு?"

மாமா எழுந்து சட்டையைத் தேடினார்.

சாயங்காலம் மறுபடி நீர் எடுத்தார்கள். பாதியை ஃபிரிட்ஜில் வைத்தேன். படிவை வடிதாளில் பொதிந்து, ஒரு துகளும் சிந்தாமல் மடித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

பிளாக் நன்றாக வந்திருக்கிறது. இவ்வளவு நன்றாக வந்திருக்க வேண்டாம். புற்றுதான்.

எந்த மருந்து கேட்கும் என்று மதுரையில் இதே பிளாக்கைச் சீவித்தான் பார்ப்பார்களாம்.

ஜூன் 23, திங்கள்

மதுரைக்குப் போனோம். மாமா என்னோடு பேசுவதில்லை. பஸ் ஏறும்போது சுரேஷ் பிளாக் இருந்த டப்பாவை என்னிடமிருந்து பிடுங்கப் பார்த்தான்.

"விடுலே. அது அவ கையிலயே இருக்கட்டும்" என்றார் மாமா, என்னைப் பார்க்காமல்.

மதுரை வரைக்கும் மடியில் வைத்திருந்தேன், அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டு.