கல்வெட்டுக்கு ஒரு யப்பான் கதை

அக்கா,

நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கிற கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்தின் முதற்படியை உங்கள் மகன் நேற்றுக் கொண்டுவந்து தந்தான். மை மணம் இன்னும் போகவில்லை. முதற்பக்கத்தில் உங்கள் படம். அதன் கீழே, "கணவன் சொல்லைத் தட்டாது வாழ்ந்த உத்தமி." நான் நாலாம் வகுப்போடு நின்றவள்தான். பொய்யை எழுத்துக்கூட்டி வாசிக்க அது போதும்.

"அன்ரி, நீங்கள் அம்மாவோடை வேலை செய்தனீங்கள், அரைப் பக்கம் எழுதித் தாங்கோ" என்றான். கதவடியில் நின்று, "அந்த யப்பான் கதையள் மட்டும் வேண்டாம். அப்பாவுக்குப் பிடிக்காது" என்றும் சொன்னான்.

அதைத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் குடியேறிய பியர்பொன்ட்ஸிலிருந்து தையல் தொழிற்சாலைக்கு ஒன்றேகால் மணி நேர பஸ் பயணம். இரண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருடம் இருக்கும். யப்பான் பெண்கள் இந்தக் காலத்தில் எழுதும் சிறுகதைகளை நீங்கள் நூலகத்தில் ஆங்கிலத்தில் எடுத்து, ஒரு பக்கம் வாசித்துக் கண்ணாடியைக் கழற்றி, எனக்குத் தமிழில் சொல்லுவீர்கள். யப்பான் பெயர்கள் என் வாயில் நிற்காததால் எல்லோருக்கும் எங்கள் பெயர்களையே வைத்தீர்கள்.

அப்படித்தான் மனோன்மணி வந்தாள். அவள் வீட்டில் எல்லோருக்கும் குளிக்க ஒரே தொட்டித் தண்ணீர். மாமனார் முதலில் இறங்குவார், பிறகு புருஷன், பிள்ளைகள், மாமியார். ஆறிப்போன தண்ணீரில் கடைசியாக அவள். பதினேழு வருடம் கழித்து ஒருநாள் அவளே முதலில் இறங்கிக் கதவைப் பூட்டிக்கொண்டாள். மூன்று நாள் வெளியே வரவில்லை. புருஷன் கதவுக்கு வெளியே முழந்தாளில் நின்று கேட்கிறான்: "என்ரை காலுறை எங்கை?"

உள்ளேயிருந்து பதில் வருகிறது: "உங்கடை காலிலை பாருங்கோ."

நான் சிரித்த சிரிப்பில் சாரதி கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். பின் இருக்கையில் இருந்த இரண்டு தமிழ்ப் பெண்கள் சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கோயிலில் எல்லோரும் மனோன்மணியைப் பற்றித்தான் கதைத்தார்கள். எங்கள் தெருவில் அந்தப் பெயரில் உண்மையாகவே ஒருத்தி இருந்தாள். நாலு பேர் இடியப்பமும் சொதியும் கொண்டுபோய் அவள் வீட்டு மணியை அடித்தார்கள்.

"வெளியிலை வந்திட்டீரோ பிள்ளை?"

"எங்கையிருந்து?"

"பாவம், வெக்கப்படுறா. மூண்டு நாளாச் சாப்பிடேல்லை, முதலிலை இதைச் சாப்பிடும்."

இது உங்கள் மனிசனின் காதுக்குப் போனது. "யப்பான்காரியளின்ரை கதை சொல்லி ஊர்க் குடும்பங்களைக் குலைக்கிறாய்" என்று, புத்தகத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உங்கள் நூலக அட்டையைக் கத்தரியால் வெட்டினார். நாலு நாள் நீங்கள் பஸ்ஸில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். ஒரு கதையும் இல்லை. அந்த நாலு நாளுக்காக நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

சனிக்கிழமை நான் முகவரிக்கு அத்தாட்சியாக மின்சார பில்லையும் எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். மேசையிலிருந்த பெண் பிரெஞ்சில் என்னவோ கேட்டாள். பிரெஞ்சில் எனக்குத் தெரிந்த ஒரே சொல்லை, நன்றி என்கிற "மெர்சி"யை, மூன்று தரம் சொன்னேன். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாத எனக்கு அட்டை கிடைத்தது. திங்கட்கிழமை என் சாப்பாட்டுப் பைக்குள், சோற்றுப் பெட்டிக்குக் கீழே, மேலட்டைப் படத்தைப் பார்த்து எடுத்த யப்பான் புத்தகம் உங்களுக்கு வந்தது.

"லைப்ரரி காட் உம்மடை, கண் என்ரை. சிரிப்பை ரெண்டு பேரும் பிரிப்பம்" என்றீர்கள். தொழிற்சாலை மூடும்வரை ஆறு வருடம் பிரித்தோம். சொல்லைத் தட்டாதவராம். கிழமைக்கு ஒரு புத்தகம் தட்டினீர்கள், அக்கா.

ஒருமுறை கேட்டேன், இவ்வளவு துன்பத்தையும் இந்தப் பெண்கள் ஏன் பகிடியாக எழுதுகிறார்கள் என்று. நீங்கள் யோசித்துச் சொன்னீர்கள்: "அழுதா ஆறுதல் சொல்லி அனுப்பிப்போடுவாங்கள். சிரிச்சா அவங்களுக்கு என்ன செய்யிறதெண்டு தெரியாது."

இன்று காலை உங்கள் மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். உத்தமி என்ற வரியை எடு, இல்லாவிட்டால் நான் எழுதியதை ஒரு சொல்லும் குறைக்காமல் அதற்குக் கீழே போடு என்றேன்.

"அப்பா..." என்று இழுத்தான்.

"அப்பாவை என்னட்டை அனுப்பு."

புத்தகங்களை எல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்று. கதைகள் என்னிடம் இருக்கின்றன. மறக்காமல் நிற்பவை இருபத்து மூன்று. போன ஞாயிறு எல்லோருக்கும் பரிமாறிவிட்டு என் மருமகள் அடுப்படியில் நின்றபடியே தன் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டாள். ஒரு கதிரையை இழுத்து அவளை இருத்தி, பக்கத்தில் நானும் இருந்து, மனோன்மணியைச் சொல்லத் தொடங்கினேன். அவள் சாப்பிட மறந்து சிரித்தாள்.

மேசையிலிருந்து என் மகன், "அம்மா, தண்ணி" என்றான்.

"குழாய் உனக்குப் பக்கத்திலைதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தேன்.